கயிறுக்காரியின் நான்காம் பாகம்

ஜனவரி 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே மூவரும் சுகம். அங்கே நீயும் சித்தியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இடுப்பு வலி தேவலையா? நாற்காலியை மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்டாயா, இல்லை கூச்சப்பட்டுக்கொண்டு இன்னும் தலையணையை மடித்து வைத்துத்தான் உட்காருகிறாயா?

போன வாரம் உன்னால் பள்ளிக்கூடம் வரை போக வேண்டியதாயிற்று. 'என் குடும்பம்' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உன் பேத்தி, 'என் தாத்தாவுக்கு முப்பத்தாறு வயது' என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் சிவப்பு மையால் அதை அறுபத்தாறு ஆக்கிவிட்டார். அழுதுகொண்டு வந்தாள். நான் போய், என் அப்பாவின் கடைசித் தம்பி என்னைவிட மூன்று வயது இளையவன், ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தோம், அவன் எனக்குச் சித்தப்பா, ஆகவே என் மகளுக்குத் தாத்தா என்று விளக்கினேன். டீச்சர் தலையாட்டினார். நம்பவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இத்துடன் வருவது கயிறுக்காரியின் நான்காம் பாகம். வானிலை அலுவலக வேலையை விட்ட பிறகு முழுநேரமும் உட்கார்ந்து எழுதிய முதல் புத்தகம். நகல் எடுக்கக்கூடப் பொறுமை இல்லை, இருக்கும் ஒரே பிரதி இதுதான், பத்திரம். இந்த முறை உன் பென்சிலுக்கு வேலை இருக்காது என்று நினைக்கிறேன். நேராக அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம். முதலாளி ஏற்கெனவே விளம்பரம் கொடுத்துவிட்டார், பார்த்தேன்.

இதைக் கட்டும்போது முதல் பாகத்தை நினைத்துக்கொண்டேன். தரையே இல்லாத கிரகத்தில், மேகத்துக்கு மேலே பலூன்களில் தொங்கும் ஓர் ஊர். அந்தப் பலூன் கயிறுகளைச் சோதித்துப் பழுது பார்ப்பவள் ஒருத்தி. அதைப் படித்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் கதை என்று மூன்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. நீ அப்போது உன் பதிப்பகத்தில் வெறும் மெய்ப்புப் பார்ப்பவன். அதைக் கொண்டுபோய் முதலாளி மேஜைமேல் வைத்து, விஞ்ஞானக் கதைக்கென்று ஒரு பிரிவு வேண்டும் என்று வாதாடியவன் நீ. அந்தக் கடனை நான் எந்தப் பிறவியிலும் அடைக்கப் போவதில்லை, அடைக்கவும் விருப்பமில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

சித்தியைக் கேட்டதாகச் சொல். சீக்கிரம் பதில் போடு.

உன் மகள்


பிப்ரவரி 17

அன்பு மகளே,

உன் கடிதமும் பிரதியும் வந்து சேர்ந்தன. நாங்கள் இருவரும் நலம். இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. மாப்பிள்ளையையும் பேத்தியையும் விசாரித்ததாகச் சொல். நரைத்த தலையோடு அவர் என்னை 'மாமா' என்று கூப்பிடுவதைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

பதில் தாமதமானது தபாலால் இல்லை. மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை சித்திக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். எங்கேயாவது என் காதுதான் தப்போ என்ற சந்தேகம்.

மகளே, இது இன்னும் புத்தகமாகவில்லை.

உன்னிடம் சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. முதல் மூன்று பாகங்களில் ஒரு கயிறு நைந்திருக்கிறது என்று நீ எழுதினாலே நான் அடுத்த பக்கத்தை அவசரமாகப் புரட்டுவேன். இதில் நான்கு கயிறுகள் அறுகின்றன, யாரும் விழவில்லை. ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் ஒரு கொக்கி, ஒரு கை, ஒரு காற்று வந்து காப்பாற்றிவிடுகிறது. கயிறுக்காரிக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, பயம் இல்லை. கையில் காய்ப்புக்கூட இல்லை, கவனித்தாயா? ஊரார் எல்லோரும் அவளைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வாக்கியங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பிரதியை அச்சகத்துக்கு அனுப்பவில்லை. உனக்கே திருப்பி அனுப்புகிறேன், தனிப் பார்சலாக வரும். ஓரங்களில் பென்சிலால் குறிப்பு எழுதியிருக்கிறேன். வேண்டாமென்றால் அழித்துவிட்டு நீயே அச்சகத்துக்கு அனுப்பிக்கொள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். எழுதியவள் நீ, முடிவும் உன்னுடையது. ஆனால் கொஞ்சம் பொறுத்தால் நல்லது. முதலாளியைப் பற்றிக் கவலைப்படாதே. அவரிடம் பேசிக்கொண்டேன்.

கோபம் வரும். வரட்டும். சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

என்றும் உன் நலம் நாடும்
சித்தப்பா


பிப்ரவரி 26

மதிப்பிற்குரிய பொறுப்பாசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமென நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம்.

தாங்கள் திருப்பி அனுப்பிய பிரதி கிடைத்தது. பிரிக்கவில்லை. முன்பு நான் எழுதியதெல்லாம் பிடித்திருந்தது, வேலையை விட்டுவிட்டு எழுத்தையே நம்பி உட்கார்ந்ததும் பிடிக்காமல் போய்விட்டது. இதில் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. தாங்களும் கல்லூரி நாட்களில் ஒரு நாவல் தொடங்கினீர்கள். நாற்பது பக்கத்தோடு நின்றுபோயிற்று. ஒரு மனிதருக்குத் தன்னால் முடியாதது அடுத்தவருக்கு நான்காம் முறையும் கைகூடுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கலாம். பொறாமை என்ற சொல்லை நான் எழுத வேண்டாமென்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

குறிப்புகளை அழித்துவிட்டுப் பிரதியை நானே அச்சகத்துக்கு அனுப்புகிறேன். வாசகர்கள் முடிவு சொல்லட்டும்.

இப்படிக்கு,
நூலாசிரியை


மார்ச் 14

அன்பு மகளே,

'தாங்கள்' என்றும் 'தங்கள்' என்றும் எழுதியிருந்தாய். பிறந்ததிலிருந்து வீட்டில் எத்தனை பேர் அடித்துச் சொல்லியும் உன் வாயிலிருந்து வராத மரியாதை. ஆகவே கோபத்தின் அளவு புரிந்தது. மற்றதற்கு இப்போது பதில் எழுதவில்லை. பிரதியைப் பற்றி நானாக இனிக் கேட்க மாட்டேன்.

நாங்கள் சுகம். சித்திக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. நான் இப்போது அலுவலகத்தில் மாடியில் உட்காருவதில்லை, கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டேன். படி ஏற வேண்டாம், இடுப்புக்கு நல்லது. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம். யாருடைய சைக்கிள் எப்போது போகிறது என்று மொத்த ஆபீஸின் வண்டவாளமும் எனக்கு அத்துப்படி. இனிமேல் கடிதம் எழுதினால் வீட்டு முகவரிக்கே எழுது. அலுவலகத்தில் தபாலைக் கலந்துவிடுகிறார்கள்.

எழுதினால் என்று எழுதியிருக்கிறேன். எழுது என்று படித்துக்கொள்.

பேத்திக்கு முத்தம்.

சித்தப்பா


மே 2

அன்பு மகளே,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? மாப்பிள்ளையின் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். எல்லோரும் நலம் என்றார், உன்னைப் பற்றிக் கேட்டதும், "மேஜையிலதான் இருக்கா மாமா, எங்ககிட்டயும் பேசறதில்ல" என்றார். அது போதும் எனக்கு.

பேத்திக்குப் பின்னக் கணக்கு வருகிறதா? வராவிட்டால் எனக்கு எழுதச் சொல். ஐந்தாம் வகுப்புக் கணக்கில் நான் இப்போது பெரிய ஆள். ஒரு ரொட்டியை ஏழு பேருக்குப் பங்கு வைப்பதைப் பற்றி என்னைவிட நிதானமாக யோசித்தவர்கள் இந்த ஊரில் இருக்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்தப்பா


ஜூன் 11

அன்புள்ள சித்தப்பா,

நீ நலமா? சித்தி நலமா? நான் நலம் என்று இப்போதுதான் எழுத முடிகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பார்சல் ஒரு மாதத்துக்கு மேல் அலமாரிமேல் கிடந்தது. ஏப்ரலில் பிரித்தேன். உன் குறிப்புகளை அழித்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்பும் திட்டம்தான். புது ரப்பர் வாங்கி வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து அழிக்கத் தொடங்கினேன். அழிக்க வேண்டுமென்றால் எங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. பார்த்தால் படித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

'இவள் விடியற்காலையிலிருந்து கயிற்றில் தொங்குகிறாள். கடைசியாக எப்போது சாப்பிட்டாள்?' அழித்தேன். 'போன அத்தியாயத்தில் அடித்த காற்று எங்கே போயிற்று? லீவா?' சிரித்துக்கொண்டே அழித்தேன், பிறகு சிரித்ததற்காகக் கோபப்பட்டேன். 'இந்தத் தோழி முதல் பாகத்தில் இப்படிப் பேசமாட்டாள். முதல் பாகத்துத் தோழி வேண்டும், எனக்கு அவளைப் பிடிக்கும்.' அதையும் அழித்தேன். ஆறாவது அத்தியாயத்தில் ஒரு பக்கம் முழுக்கக் குறிப்பே இல்லை, கடைசியில் மட்டும், 'இங்கே என் மகள் தெரியவில்லை' என்று சின்னதாக எழுதியிருந்தாய். ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எதையும் அழிக்கவில்லை.

அன்றிலிருந்து புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியிலிருந்து.

எங்கே தவறினேன் என்றும் யோசித்தேன். மூன்றாம் பாகம் வந்த பிறகு வாசகர் கடிதங்கள் மூட்டையாக வந்ததே, நினைவிருக்கிறதா? அதில் பாதிப் பேர், கயிறுக்காரிக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது, அவள் தோழிக்கும் எதுவும் ஆகக் கூடாது என்று கெஞ்சியிருந்தார்கள். ஓர் அம்மா, தன் மகள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு இதைப் படிப்பதாக எழுதியிருந்தார். எனக்குக் கை வரவில்லை சித்தப்பா. அவர்கள் கேட்டதைக் கொடுத்தேன். வானிலை அலுவலகத்தில் இருந்தபோது புயல் வருகிறதென்றால் வருகிறது என்றுதான் எழுதுவேன். யாருக்கும் பிடிக்காதே என்று மாற்றி எழுத முடியாது. இங்கே மாற்றி எழுதிவிட்டேன்.

பொறாமை என்று உனக்கு எழுதிய விரலை என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ திட்டிவிடு, எனக்குச் சுலபமாக இருக்கும்.

ஒரு சந்தேகம், சித்தியைக் கேட்டுச் சொல். தோழி விழத்தான் போகிறாள். ஆனால் கீழே தரையே இல்லாத இடத்தில் விழுகிறவளுக்கு என்ன ஆகும்?

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் மகள்


ஜூன் 29

அன்பு மகளே,

சுகமாக இருக்கிறோம். உன் கடிதம் வந்த அன்று சித்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையில் கொடுத்தேன். பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவளிடம் இப்படி ஒரு கேள்வியைக் கொடுத்தால் வீட்டில் சமையல் நடக்குமா? நான்தான் சமைத்தேன். கணக்கு முடிந்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மோதிச் சாகமாட்டா. மோதறதுக்கு அங்க ஒண்ணுமில்ல. கீழ போகப்போகக் காத்து அடர்த்தியாகும், அதனால விழற வேகம் குறைஞ்சுகிட்டே வரும். மெதுவா, இன்னும் மெதுவா. சூடுதான் ஏறும். நல்ல உடுப்பு போட்டிருந்தா ரொம்ப நேரம் உயிரோட இருப்பா."

"ரேடியோ?" என்று கேட்டேன்.

"வேலை செய்யும்," என்றாள். சொல்லிவிட்டு அவளே பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

புரிகிறதா மகளே? விழுந்த பிறகும் அவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். மேலே அறுந்த கயிற்றைப் பிடித்தபடி ஒருத்தி, கீழே போய்க்கொண்டே இருப்பவள் ஒருத்தி. இத்தனை வருஷமாக நான் படித்த எந்தப் பிரதியிலும் இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. நீ எழுது. சூடு எத்தனை டிகிரி, எப்போது ரேடியோ கரகரக்கும் என்பதெல்லாம் சித்தி பொறுப்பு. தாளில் படம் போட்டே வைத்திருக்கிறாள், இத்துடன் இருக்கிறது.

அத்தியாயம் அத்தியாயமாக வீட்டுக்கே அனுப்பு. மாலையில் வந்து உட்கார்ந்து பார்த்துவிடுவேன்.

திட்டச் சொல்லியிருந்தாய். நேரம் கிடைக்கும்போது திட்டுகிறேன்.

சித்தப்பா


ஆகஸ்ட் 20

அன்புள்ள சித்தப்பா,

எல்லோரும் நலம், அங்கும் அப்படியே இருக்க வேண்டும். சித்திக்கு என் நமஸ்காரம். அவர் போட்ட படத்தை மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன்.

விழுகிற அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். முதலில் எழுதியதில் இருவரும் நாடகத்தில்போல விடைபெற்றுக்கொண்டார்கள். நீ எல்லாவற்றையும் அடித்துவிட்டு, 'நேரம் நிறைய இருக்கிறது. முதலில் வேலையைப் பற்றித்தான் பேசுவார்கள்' என்று எழுதியிருந்தாய். உண்மை. இப்போது தோழி விழுந்துகொண்டே, எந்த முடிச்சு நழுவியது என்று சொல்கிறாள், அடுத்தவர்களுக்கு நழுவக் கூடாதே. பிறகு கொடியில் காயும் துணியை எடுத்துவிடு என்கிறாள். பிறகு ஒரு பழைய சண்டை. அழவேண்டியவர்கள் அழுவதற்கு ரொம்ப நேரம் ஆகிறது. எழுதும்போது எனக்குத்தான் ஆகவில்லை.

இன்னொன்று. பதிப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, நான்காம் பாகம் எப்போது வரும் என்று. மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் கீழே 'பொறுப்பாசிரியர்' என்று வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார். துப்பறியும் நாவல் பிரிவில் இருந்தாரே, அவர். நீ லீவில் இருக்கிறாயா? உடம்பு சரியில்லையா? மறைக்காதே.

உன் மகள்


செப்டம்பர் 3

அன்பு மகளே,

உடம்பு கல்லுப்போல இருக்கிறது. சித்தியும் நலம். துப்பறியும் பிரிவுக்காரர் நல்ல மனிதர், நான்தான் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டேன். எனக்கும் ஒரே மாதிரி செய்து அலுத்துவிட்டது. இதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

அத்தியாயத்துக்கு வருகிறேன். துணி நல்ல இடம், தொடாதே. பழைய சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நீ தீர்ப்புச் சொல்லிவிடுகிறாய், சொல்லாதே. கடைசியில் ரேடியோ நின்ற பிறகும் கயிறுக்காரி பேசிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அவள் என்ன பேசினாள் என்பதை எழுத வேண்டாம். பேசினாள் என்பது போதும்.

இந்தப் பகுதியைச் சித்திக்குப் படித்துக் காட்டப் பார்த்தேன். முடியவில்லை. அவளே வாங்கிப் படித்துக்கொண்டாள்.

மீதியையும் முடித்துவிடு மகளே. நன்றாக வருகிறது. இப்படியெல்லாம் நான் சொல்லமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

சித்தப்பா


அக்டோபர் 12

என் சித்தப்பாவுக்கு,

நீ நலமா என்று இந்த முறை ஒப்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிய வேண்டும்.

அட்டைப்படம் வரைகிற 'நீலம்' நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். (எல்லாவற்றுக்கும் நீலம் பூசுகிறார் என்று நீ வைத்த பெயர்தான், அவரும் இப்போது அப்படியே கையெழுத்துப் போடுகிறார்.) புத்தகம் முடிந்துவிட்டது என்றேன், மாதிரிப் படம் போடக் கதை கேட்டார். சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "சார் இதப் பாத்தாரா?" என்றார். "பாக்காம? வரிவரியா பாத்தாரு," என்றேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்ப அவரு இன்னும் உங்ககிட்ட சொல்லலையா?"

"என்னத்த?"

"அவர மார்ச்லயே கீழ அனுப்பிட்டாங்கம்மா. பள்ளிக்கூடக் கைடு போடற பிரிவுக்கு. உங்க பிரதிய அச்சுக்கு அனுப்புன்னு முதலாளி சொல்லியிருந்தாரு. விளம்பரம் வந்தாச்சு, மெஷின் காலியா நிக்குது. இவரு அத உங்களுக்குத் தபால்ல போட்டுட்டாரு. எல்லார் முன்னாடியும் சத்தம். இவரு ஒரே வார்த்தைதான் சொன்னாரு, 'அந்தப் புத்தகம் அவ பேர்ல வரக்கூடாது, அவளுக்கே பின்னால தாங்காது'ன்னு."

நீலம் போன பிறகு உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடுப்புக்கு நல்லது. சைக்கிள் நிறுத்துமிடம். ஏழு பேருக்கு ஒரு ரொட்டி. பகலெல்லாம் பின்னக் கணக்குத் திருத்திவிட்டு மாலையில் வீட்டில் உட்கார்ந்து, உனக்குச் சம்பந்தமே இல்லாமல் போன ஒரு புத்தகத்தை வரிவரியாகப் பார்த்திருக்கிறாய். நான் உன்னைப் பொறுப்பாசிரியர் அவர்களே என்று கூப்பிட்ட கடிதம் வந்தபோது நீ பொறுப்பாசிரியராகவே இருந்திருக்க மாட்டாய்.

முதலாளிக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினேன். என் சித்தப்பாவை மேலே கூப்பிட்டால்தான் புத்தகம் தருவேன் என்று. காலையில் கிழித்துப் போட்டேன். உன் நாற்காலியை நான் பேரம் பேசி வாங்கித் தந்தால் அதில் நீ உட்கார மாட்டாய். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, மெஷின் நின்றால் எத்தனை பேர் வேலை நிற்கும்.

ஆகவே வேறொன்று செய்தேன். பழைய பிரதி, புதிய பிரதி இரண்டையும் ஒன்றாகக் கட்டி அவர் பெயருக்கே அனுப்பிவிட்டேன். பழையதில் ஆறாம் அத்தியாயத்திலிருந்து உன் பென்சில் அப்படியே இருக்கிறது. புதியதிலும் உன் எழுத்து இருக்கிறது. 'இரண்டையும் படியுங்கள்' என்று மட்டும் ஒரு துண்டுச் சீட்டு.

நன்றி என்று எழுதலாமென்று பார்க்கிறேன், பிறந்ததிலிருந்து நமக்குள் அந்த வார்த்தை புழங்கியதில்லையே, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உன் காலில் விழுகிற முறை எனக்கு உண்டு, நீதான் சித்தப்பா. இத்தனை நாள் வயதைக் காட்டித் தப்பித்துவந்தேன். அடுத்த முறை வரும்போது விழுகிறேன், சிரிக்காமல் நில்.

உன் மகள்


நவம்பர் 8

அன்பு மகளே,

சுகம். நீ காலில் விழ வந்தால் நான் பின்வாசல் வழியாக ஓடிவிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

எழுதாமல் விட்டதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. உனக்குத் தெரிந்தால் எனக்காக எழுதுவாய். எனக்காக எழுதினால் அதுவும் வாசகர்களுக்காக எழுதிய மாதிரிதான் வந்திருக்கும்.

சென்ற வாரம் முதலாளி கீழே வந்தார். அவர் கீழ்த்தளத்துக்கு வந்து யாரும் பார்த்ததில்லை, எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். என் மேஜைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் உன் பார்சல். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன்யா, பழசை அச்சுக்கு அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார்.

"நல்லா வித்திருக்கும்," என்றேன்.

"வித்திருக்கும்," என்று அவரும் ஒத்துக்கொண்டார். பிறகு, "அஞ்சாம் பாகத்த எவனும் வாங்கியிருக்க மாட்டான்," என்றார். கொஞ்ச நேரம் பிரதியின் மூலையை மடித்து மடித்து நிமிர்த்தினார். "அந்தப் பொண்ணு விழும்போது துணிய எடுக்கச் சொல்றாளே. எம்பொண்டாட்டி போறதுக்கு முன்னாடி அப்படித்தான், கேஸ் அணைச்சியான்னு கேட்டா." தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். எழுந்து போகும்போதுதான், "மேல வந்துடு," என்றார்.

துப்பறியும் பிரிவுக்காரருக்கு என்னைவிடச் சந்தோஷம். "நிலாவுக்கும் கிரகத்துக்கும் வித்தியாசம் தெரியாம ஏழு மாசம் ஓட்டிட்டேன் சார்," என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவரையும் மேலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். முடிச்சுகளை எங்கே அவிழ்ப்பது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் நான் உடனே போகவில்லை. ஐந்தாம் வகுப்புக் கைடு பாதியில் நிற்கிறது. பரீட்சைக்குள் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும். அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். "நீ திருந்தவே மாட்ட," என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

பிப்ரவரியில் நீ கேட்டதற்கு இப்போது பதில். முதல் பாகத்தைப் படித்த அன்று எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல விருப்பமில்லை. என் நாற்பது பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன், திரும்ப வைத்துவிட்டேன். மறுநாள் காலையில், இந்தப் பலூன் ஊர் இருப்பது உலகத்திலேயே உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் போனேன். அந்தச் சந்தோஷத்துக்குப் பிறகு மற்றது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நன்றி சொல்ல வேண்டியவன் நான். எங்கே வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை, இங்கேயே வைத்துவிடுகிறேன்.

சித்தப்பா


மார்ச் 5

அன்பு மகளே,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. எல்லோரும் நலமென்று அறிந்து நிம்மதி. நாங்களும் அப்படியே. புத்தகம் வந்து மூன்று வாரமாகிறது. நான் மாடிக்கு வந்துவிட்டேன். திட்டியும் கடிதங்கள் வருகின்றன, தோழியைக் கொன்ற கையில் புழு வைக்கும் என்று ஒருவர் உனக்கு எழுதியிருக்கிறார். அதையெல்லாம் தனியாகக் கட்டி அனுப்புகிறேன், பத்திரமாக வைத்துக்கொள், நல்ல கடிதங்கள்.

இன்று நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாலையில் வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், ஆஸ்பத்திரிச் சீருடை, மடியில் காய்கறிப் பை, பைமேல் கயிறுக்காரி. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன், தப்புத்தான். விழுகிற அத்தியாயம், இரண்டாம் பக்கம்.

நான் ஒரு புத்தகத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன் மகளே, ஒருவர் முதல் தடவை படிப்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. என் நிறுத்தம் வந்தது. அவர் அப்போது துணி வரும் இடத்தில் இருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் அடுத்தடுத்த நிறுத்தங்களைக் கூவிக்கொண்டே வந்தார், அவர் காதில் எதுவும் விழவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் ரொம்ப நேரம் நின்றார். புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மறுபடியும் திறந்தார்.

கடைசி நிறுத்தத்தில் டிரைவர் இறங்கிப் போய்விட்டார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"இது எந்த ஸ்டாப்?"

"கடைசி ஸ்டாப்," என்றேன்.

"அய்யோ, நான் எப்பவோ எறங்கியிருக்கணும்."

"நானும்தான்."

இருவரும் கீழே இறங்கித் திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக பெஞ்சில் உட்கார்ந்தோம். ஏன் இறங்கவில்லை என்று என்னைக் கேட்கவில்லை, நல்லவேளை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவராகவே சொன்னார், தெரிந்தவர் வீட்டு விஷயம் சொல்வதுபோல: "ஒருத்தி விழுந்துட்டா. இன்னும் பேசிட்டேதான் இருக்கா."

"அப்படியா," என்றேன்.

நான் யாரென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் படிப்பு கெட்டிருக்கும். பஸ் வந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை, நான்தான் கூப்பிட்டு ஏற்றிவிட்டேன். ஏறுவதற்குள் கூட்டம் நிறைந்துவிட்டது, அவருக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன் மகளே, இடுப்பு வலிக்கவே இல்லை.

உன் சித்தப்பா